பெயர் வைக்காத பல்லி

வாலின் நுனியில் ஒரு துணுக்கை வெட்டி அனுப்பினால், அந்தப் பல்லி புது இனமா பழைய இனமா என்று இப்போது மரபணுக் கூடத்திலிருந்து பதில் வந்துவிடுகிறது. எனக்குப் பிறகு அந்தமானில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இருவர் போன மாதம் காணொளியில் பேசினார்கள். இந்த வசதியெல்லாம் இல்லாத நாளில் எப்படித்தான் முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்கள். கண்ணால் பார்த்தோம், கருவியால் அளந்தோம், காத்திருந்தோம் என்று சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

நான் மூன்று இனங்களுக்குப் பெயர் வைத்தவள். மூன்றும் கடல் நடுவே உள்ள தீவுகளில் மட்டும் வாழ்பவை. அவற்றைப் பற்றி ஆய்விதழ்களில் விவரமாக எழுதியாகிவிட்டது. இங்கே நான் சொல்லப்போவது, பெயர் வைக்க எல்லாம் தயாராக இருந்தும் வைக்காமல் விட்ட ஒரு பல்லியைப் பற்றி.

பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. சென்னையில் விலங்கியல் படித்து, தேர்வு எழுதி, போர்ட் பிளேரில் இருந்த விலங்கியல் ஆய்வு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது வீட்டில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை.

"பல்லி புடிக்கறதுக்கா உன்ன இவ்ளோ படிக்க வெச்சோம்?" என்றார் அம்மா.

அத்தா, எங்கள் அப்பாதான், "வுடு. நம்ம ஊர்க் கோயில்ல பல்லியத் தொட்டுக் கும்புட எங்கெங்கேர்ந்தோ ஜனம் வந்துக்கினு இருக்குது. இவ அதப் பத்திப் படிச்சா தப்பா?" என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பினார்.

அங்கே என் மேலதிகாரி ராவ் சார். நெல்லூர்க்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆச்சரியப்பட்டால் மட்டும் தெலுங்கில் "அவுனா?", அதாவது அப்படியா, என்பார். அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது. நாம் சொல்வதைக் கேட்க விருப்பமிருந்தால் வலது காது நம் பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பிக்கொள்வார். பிடிக்காத அதிகாரிகள் வந்தால் இடது காதை அவர்கள் பக்கம் வைத்துக்கொண்டு பொறுமையாகத் தலையாட்டுவார். பாராட்டும் பழக்கம் அவரிடம் கிடையாது. அவசரப்பட்டு எழுதிக்கொண்டு வருபவர்களை நாலு பேர் முன்னிலையில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். அதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு. பதவி உயர்வும் தள்ளிக்கொண்டே போயிற்று.

தீவுப் பல்லிகளில் கேள்வி சிக்கலானது. என்றோ ஒரு தீவில் ஒதுங்கிய கூட்டம், வெளித்தொடர்பே இல்லாமல் நெடுங்காலம் வாழ்ந்தால் தனி இனமாகிவிடும். ஆனால் போன மழைக்காலத்தில் படகில் ஏறி வந்திறங்கிய பல்லியும் அதே மரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் அந்தத் தீவின் பிள்ளைகள்போலத்தான் தெரியும்.

ராவ் சாரிடம் ஒரு பல்லியைக் கொண்டுபோனால் முதலில் புட்டியைத் திருப்பி, ஊர்ப்பெயர் எழுதிய சீட்டு சுவரைப் பார்க்கும்படி வைப்பார்.

"எங்க புடிச்சதுன்னு முதல்ல படிச்சுட்டா, கண்ணு அந்த ஊர்லயே போய் உக்காந்துக்கும். ஊர அப்புறம் பாக்கலாம். பல்லிய பாரும்மா" என்பார்.

பிறகு அளவு. மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை மட்டுமே அளக்க வேண்டும். வால் அறுந்து மறுபடி முளைத்ததாக இருக்கலாம் என்பதால் அதைத் தனியே குறிக்க வேண்டும். உதட்டோரச் செதில்கள், விரலுக்கு அடியில் பற்றிக்கொள்ளும் மடிப்புகள், ஆணாக இருந்தால் பின்னங்கால்களுக்கு நடுவே வரிசையாக இருக்கும் துளைகள், எல்லாவற்றையும் உருப்பெருக்கியின் கீழ் எண்ண வேண்டும். எண்ணிய தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வேறு வெளிச்சத்தில், பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அவரே உட்காருவார். அப்போது அறையில் இருமக்கூடத் தயங்குவோம். எல்லாம் முடிந்து, இது புதிது சார் என்று நாம் சொன்னால், அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"வேற என்னவா இருக்கலாம்?"

நான் இந்த வேலையில் ஓரளவு கை தேறியிருந்த சமயத்தில்தான் வனச்சரகர் ஞானப்பிரகாசம் ஊறுகாய் பாட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய பெற்றோர் வட ஆற்காட்டிலிருந்து தீவில் போய்க் குடியேறியவர்கள். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே இருக்கும். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் பொறுப்பில் இருந்தவற்றில் ஒரு சின்னத் தீவும் இருந்தது. கரையில் கொஞ்சம் மீனவக் குடும்பங்கள், ஒரு தென்னந்தோப்பு, படகுத்துறை. அதற்குப் பின்னால் காடு. அந்தக் காட்டுக்கு நடுவே சாலை போட்டு, மறுகரையில் சுற்றுலா விடுதிகள் கட்டத் திட்டம் வந்திருந்தது.

பாட்டிலில் இருந்த பல்லி விரல் நீளம்தான். பால் அதிகம் விட்ட தேநீரின் நிறம். கண்ணிலிருந்து இருபுறமும் வெள்ளைக் கோடு ஒன்று ஓடி வாலின் அடியில் போய் மறைந்தது. அப்படிக் கோடு போட்ட பல்லி எங்கள் அலமாரியில் எந்தப் புட்டியிலும் இல்லை.

"மேடம், இது அந்தத் தீவுல மட்டும் இருக்கிற ஜீவன்னு உங்க ஆபீஸ் சொன்னா போதும்," என்றார் ஞானப்பிரகாசம். "மேல பேசிப் பாத்துட்டேன். புது இனம்னு எழுத்துல வந்தா ரோட்டை வேற பக்கம் திருப்பிடுவாங்க. காடு நிக்கும்."

தொடர்ந்து அவரே நிறையப் பிடித்து அனுப்பினார். நான் அளந்தேன், எண்ணினேன். தீவுகளில் அதுவரை பதிவான எல்லாப் பல்லிகளோடும் ஒப்பிட்டேன். எதோடும் ஒத்துப்போகவில்லை. புது இனத்துக்கான விவரணையை எழுதி, தீவின் பெயரையே அதற்கு வைத்து, தட்டச்சு செய்து ராவ் சாரின் மேசையில் வைத்தேன். ஓர் உயிரின் பெயருக்குப் பக்கத்தில் முதன்முதலாக என் பெயர் அச்சாகப் போகிறது. அத்தாவுக்கு அதை எப்படிச் சொல்வது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன்.

ராவ் சார் மதியம் வரை படித்தார். பிறகு வலது காது என் பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பினார்.

"ஆண் எங்கம்மா?"

"இன்னும் கிடைக்கல சார்."

"இத்தனை புடிச்சதுல ஒண்ணுகூடவா இல்லை?"

"ஆண்கள் மர உச்சியில இருக்கலாம் சார்."

"அவுனா? இருக்கலாம். வேற என்னவா இருக்கலாம்?"

ஆணே இல்லாமல், பெண்கள் மட்டுமே முட்டையிட்டுப் பெருகும் பல்லி இனம் ஒன்று கடல் தீவுகளில் பரவியிருக்கிறது என்று நானும் படித்திருந்தேன். ஆனால் அதற்குப் படங்களில் கண்ட முதுகுக் கோலம் வேறு. அதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "தீவுக்குப் போய்ப் பாப்போம்" என்றார்.

ஞானப்பிரகாசம் படகுத்துறையில் காத்திருந்தார். முதலில் காட்டுக்குள் கூட்டிப்போனார். பட்டைகளை நெம்பினோம், தாழை மடல்களைப் பிரித்தோம், விழுந்த மரங்களைப் புரட்டினோம். எங்கள் பல்லி அங்கே இல்லவே இல்லை. திரும்பித் தென்னந்தோப்புக்கு வந்தபோது மட்டை இடுக்குகளிலெல்லாம் இருந்தது. படகுக் கொட்டகையின் கூரை ஓலையிலும் இருந்தது. ராவ் சார் மெதுவாகக் குனிந்து, கவிழ்த்துப் போட்டிருந்த பழைய தோணியின் உட்புறப் பலகையைத் தடவிப் பார்த்தார். பட்டாணி அளவில், சுண்ணாம்பாய் வெளுத்த இரண்டு முட்டைகள் பலகையோடு ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டினார், அசையவில்லை.

"உப்புத்தண்ணி தெறிச்சாகூட இதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆண் தேவையில்லேன்னா, ஒரு தீவப் புடிக்க இதுல ஒரு முட்டை போதும்."

"கரையோரமா மட்டும் வாழற புது இனமா இருக்கலாமே சார்?" என்றேன். எனக்கு அந்தப் பல்லியை விட மனசில்லை.

"இருக்கலாம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

தலைமை அலுவலகத்து அருங்காட்சியகத்துக்கு எழுதி, மற்ற கடல்களின் தீவுகளில் பிடித்து வைத்திருந்த அந்தப் பெண் பல்லிகளை ஒப்பிட அனுப்பச் சொன்னார். பழைய மாதிரிகளைக் கப்பலில் அனுப்ப அவர்களுக்கு ஆயிரம் யோசனை. மாதங்கள் போயின. இடையில் ஞானப்பிரகாசம் வந்து நின்றார். மழையில் நனைந்திருந்தார்.

"ரோட்டுக்கு அளவெடுத்துக்கினு போயிட்டாங்க மேடம். வெட்டப்போற மரத்துக்கெல்லாம் செவப்பு பெயிண்டு அடிச்சிட்டாங்க. நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. புதுசுன்னே எழுதிடுங்க. தப்புன்னா அஞ்சாறு வருஷம் கழிச்சு யாராச்சும் திருத்திக்கட்டும். பேரைத் திருத்தலாம். காட்டைத் திருத்த முடியுமா?"

அவர் போன பிறகு ராவ் சாரிடம் அதே வார்த்தைகளைச் சொன்னேன்.

"அவர் கேக்கறது நியாயம்தாம்மா. காட்டுக்காக நான் மனு எழுதறேன், என் பேர்ல. பல்லி பேர்ல எழுத மாட்டேன்."

சொன்னபடி எழுதினார். அமைச்சகம் வரை போனது அந்த மனு. பெற்றுக்கொண்டோம் என்றுகூடப் பதில் வரவில்லை.

ஒருவழியாக அருங்காட்சியகப் பெட்டி வந்து சேர்ந்தது. ராவ் சார் என்னை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, எங்கள் பல்லிகளையும் வந்தவற்றையும் ஒன்றாகக் கலந்து வெள்ளைத் தட்டுகளில் பரப்பினார். காலில் கட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் துண்டுத்தாளில் சுற்றி மறைத்தார். பிறகு கூப்பிட்டார்.

"உன் இனத்த இந்தப் பக்கம் வை. மத்தத அந்தப் பக்கம்."

அன்று பிற்பகல் முழுதும் அந்தத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். நீண்ட நாள் ஸ்பிரிட்டில் கிடந்ததில் எல்லாமே வெளிறியிருந்தன. ஆனாலும் கோடு தெரிந்தது. கோடு உள்ளவை ஒரு பக்கம், முதுகில் வளைந்த கோலம் உள்ளவை மறுபக்கம். சந்தேகம் வந்தபோது விரலடி மடிப்புகளை எண்ணினேன். எண்கள் உதவவில்லை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வந்தன. ஆகவே கோட்டையே நம்பினேன். புட்டி கழுவிக்கொண்டிருந்த மேரி அக்கா வாசலில் நின்று, "இதுங்கல்லாம் ஆம்பளையே இல்லாம குடும்பம் நடத்துதுங்களா? குடுத்து வெச்சதுங்க" என்றார். ராவ் சார்கூடச் சிரித்தார். என்னால் முடியவில்லை.

சுற்றிய தாள்களைப் பிரிக்க என்னையே சொன்னார். என் பக்கத்தில் முதலில் பிரித்தது எங்கள் தீவுடையது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது, நான் வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த, உலகத்தின் மறுபுறக் கடலில் உள்ள ஒரு தீவின் பெயரோடு இருந்தது. தெளிவான வெள்ளைக் கோடு, எங்களுடையதைவிட அழகாக. தொடர்ந்து பிரித்தேன். கோடு போட்டவை எங்கெங்கிருந்தோ வந்தவை. எங்கள் தீவின் பல்லிகளில் கோடு மங்கிப்போன சிலவற்றை நானே மறுபக்கத்தில் தள்ளியிருந்தேன்.

அந்த இனத்தில் ஒரு தாய்க்குப் பிறந்தவை அத்தனையும் அவளுடைய அச்சு. ஒரு தாய்க்குக் கோடு இருந்தால் மக்கள் எல்லோருக்கும் கோடு. அப்படி ஒருத்தி எப்போதோ ஒரு படகில் வந்து இறங்கியிருக்கிறாள். நடந்தது அவ்வளவுதான்.

"காட்டோட பல்லி இல்லம்மா இது. படகோட பல்லி" என்றார் ராவ் சார். என் தட்டச்சுத் தாள்களை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு திருத்தமும் போட்டிருக்கவில்லை. "வேலை சுத்தமா இருந்தது" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு, கிழித்துப் போட வேண்டிய தாளுக்குக் கிடைத்தது.

ஞானப்பிரகாசத்திடம் தானே சொல்வதாக அவர் சொன்னார். ஆனால் ஞானப்பிரகாசம் உள்ளே வந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தார். அதனால் நானே சொன்னேன். தட்டுகளைக் காட்டினேன், தோணியில் கண்ட முட்டைகளை நினைவுபடுத்தினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் மேடம். ஆனா நாளைக்கு நான்தான் அந்த மரங்களுக்கு முன்னாடி போய் நிக்கணும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் எங்கள் அலுவலகப் படியை அவர் மிதிக்கவில்லை. சாலை வந்தது, விடுதிகள் வந்தன. வெகுநாள் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது பார்த்தேன். விடுதியின் வராந்தா விளக்கைச் சுற்றி எங்கள் வெள்ளைக்கோட்டுப் பல்லிகள் கொழுத்துத் திரிந்தன. நாங்கள் சொன்னது எத்தனை சரி என்று அவை சுவர் முழுக்க எழுதிக்காட்டுவது போலிருந்தது.

ராவ் சார் ஓய்வுபெற்று நெல்லூர் போனார். சில ஆண்டுகளில் அவர் காலமான செய்தி வந்தது. பிறகு தென்கோடியில் உள்ள ஒரு தீவின் காட்டில், சருகுகளுக்கு அடியில் ஓடும் பழுப்பு அரணை ஒன்று எனக்குக் கிடைத்தது. ஆணும் இருந்தது, பெண்ணும் இருந்தது, குஞ்சுகளும் இருந்தன. காட்டைத் தாண்டி ஒன்றுகூட வெளியே வரவில்லை. சீட்டுகளை மறைத்து, பக்கத்துத் தீவுகளின் அரணைகளோடு கலந்து, பிரிக்கச் சொல்லி வேறொருவரிடம் கொடுத்தேன். ஒன்றுகூட மாறவில்லை. பெயர் வைத்தேன்.

அந்த இடத்தில் கல் வெட்டத் திட்டம் இருந்ததும், என் அரணையைச் சொல்லி வனத்துறை அதை எதிர்த்ததும் பிறகு தெரியவந்தது. விசாரணைக்கு என்னைக் கூப்பிடவில்லை. கட்டுரையை மட்டும் வாங்கிப் போனார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கட்டுரையின் பலம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டேன். போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, பட்டுக்கடை வைத்திருக்கும் என் தம்பி அன்வர் போன் செய்தான்.

"அக்கா, உன்னக் கேட்டுக்கினு அந்தமான்லேர்ந்து ஒருத்தர் வந்துகிறாரு. பொண்ணுக்கு முகூர்த்தப் பொடவை எடுக்க வந்தாராம். ஞானப்பிரகாசம்னு சொல்லச் சொன்னாரு."

கடைக்குப் போனேன். அவருக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது. அவருடைய மனைவியும் மகளும் கீழே விரித்துப் போட்ட புடவைகளுக்கு நடுவே இருந்தார்கள். நாங்கள் மாடி அறையில் உட்கார்ந்தோம். அன்வர் தேநீர் அனுப்பினான்.

"அந்தக் கல்லு வெட்டற கேஸ் ஞாபகம் இருக்குதா மேடம்? டிபார்ட்மெண்ட் சார்பா நான்தான் போயிருந்தேன்" என்றார்.

போனவர் அவர்தான் என்று எனக்குத் தெரியாது.

"எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'எங்கெல்லாம் வேலை ஆரம்பிக்கிறோமோ அங்கெல்லாம் இந்த ஆபீஸ்காரங்க புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சுக் குடுத்துடறாங்க'ன்னான். விசாரிக்கிற அதிகாரியும் சிரிச்சாரு. நான் எழுந்து நின்னேன். 'ஐயா, அப்பிடி ஒண்ணு கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு நானே இவங்க கிட்ட கெஞ்சினவன். முடியாதுன்னுட்டாங்க. என் காடு போச்சு. இவங்க இப்ப உண்டுன்னு சொன்னா உண்டுதான்'னு சொன்னேன். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல."

தேநீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏன் இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?"

"கோவம்."

"இப்ப?"

"இப்பவும் இருக்குது மேடம். அங்க ஒரு காடு பொழைச்சுது. என் காடு திரும்பி வரலியே."

கீழிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். அரக்கா, மாம்பழ நிறமா என்று வந்து சொல்ல வேண்டுமாம். எழுந்தவர் கதவருகே நின்றார்.

"பல்லியப் பத்தி அவ்ளோ எழுதியிருக்கீங்க. அந்தக் காட்டப் பத்தி யாராச்சும் ஒரு வரி எழுதினாங்களா? ரோடு போட்டவங்க காகிதத்துல 'புதர்'னு போட்டிருக்குது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். வேற ஆள வெச்சுப் போட்டுக்கினாங்க."

அரக்கு நிறத்தையே எடுத்தார்கள். கார் வரை போய் வழியனுப்பினேன்.

அது புதர் இல்லை. நான் ஒரே ஒரு பகல் அதற்குள் இருந்தேன். பல்லியைத் தேடிப் போனதால் பல்லி இல்லாத எதையும் அன்று குறித்துக்கொள்ளவில்லை. நினைவில் இருப்பதை எழுதுகிறேன். தோப்பைத் தாண்டியதும் தாழை வேலி. அதை விலக்கி நுழைந்தால் நாலு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத மரங்கள், ஆள் உயரத்துக்குப் பலகை போல் நிற்கும் வேர்களோடு. மேலே பெரிய வெள்ளைப் புறாக்கள் பழம் தின்று கொட்டைகளை உதிர்த்துக்கொண்டிருந்தன. தரையெல்லாம் நண்டு வளைகள். சருகுகளை இழுத்துக்கொண்டு நண்டுகள் உள்ளே போயின. வெயில் கீழே காசு காசாகத்தான் விழுந்தது. எல்லாம் பக்கத்துத் தீவுகளிலும் உள்ள மரங்கள், உள்ள பறவைகள். அதில் நான் பெயர் வைக்கக்கூடியது எதுவும் இல்லை. நடுவே பாறை இடுக்கில் ஓர் ஊற்று. ஞானப்பிரகாசம் அகலமான இலை ஒன்றைப் பறித்து, குவித்து, முதலில் ராவ் சாருக்கும் பிறகு எனக்கும் மொண்டு கொடுத்தார். தண்ணீரில் இலை வாசனை இருந்தது.